மூணாவதா, எட்டாவதா? வாஷிங்டன் சுந்தரை எங்கே இறக்குவது?

2021 மாட்டுப் பொங்கல். விடிவதற்கு முன்னாலேயே எங்கள் வீட்டில் டிவி ஓட ஆரம்பித்துவிட்டது. பிரிஸ்பேனில் இந்தியா ஆஸ்திரேலியா நாலாவது டெஸ்ட். மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடிக்க வேண்டிய நேரத்தில் பனமரத்துப்பட்டியில் பாதிப் பேர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் நடராஜன். சின்னப்பம்பட்டிப் பையன். எங்கள் ஊர் சேலத்துக்கு ஒரு பக்கம், அவர் ஊர் இன்னொரு பக்கம். ஆனால் சேலம் மாவட்டத்துக்காரன் ஒருத்தன் வெள்ளை உடையில் இந்தியாவுக்குப் பந்து போடுகிறான் என்றால் அவன் எங்கள் தெருக்காரன் மாதிரிதான்.

அன்றைக்கு நடராஜனுக்கு இந்தியாவின் 300-வது டெஸ்ட் வீரர் என்று தொப்பி கொடுத்தார்கள். பக்கத்தில் இன்னொரு பையன் நின்றான். ஒல்லி, உயரம், முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. அவனுக்கு 301. வாஷிங்டன் சுந்தர். எங்கள் பெரியப்பா மகன், அவரை இனிமேல் அண்ணன் என்றே சொல்கிறேன், அவர்தான் முதலில் கேட்டார்: "இந்தப் பையன் பேட்ஸ்மேனா, பவுலராடா தம்பி?"

"ரெண்டும்தாண்ணா."

"ரெண்டும்னா, எங்க எறக்குவாங்க?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. ஐந்து வருஷமாக வாஷிங்டனின் ஆட்டத்தை விடாமல் பார்க்கிறேன். இந்திய கிரிக்கெட்டுக்கும் இன்னும் அதற்குப் பதில் கிடைக்கவில்லை. இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

அண்ணனுக்கு ஏன் அந்தக் கேள்வி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஏரி ஆங்கிலேயர் காலத்தில் சேலம் நகரத்துக்குக் குடிதண்ணீர் கொடுத்த ஏரி. எனக்கு நினைவு தெரிந்த காலத்தில் அதில் தண்ணீரைவிடச் சீமைக் கருவேலம்தான் அதிகம். முள்ளை வெட்டி, காய்ந்த தரையைச் சமன் செய்து, டென்னிஸ் பந்தில் ஆடித்தான் நாங்கள் வளர்ந்தோம். அண்ணன் எங்கள் டீமின் ஆல்ரவுண்டர். கீப்பர் வராத நாளில் கீப்பிங். வேகப் பந்து போடுகிறவன் பூ மார்க்கெட்டுக்குப் போய்விட்டால் முதல் ஓவர் அண்ணனுக்கு. ஓப்பனிங் இறங்கப் பயந்தால் அவர் ஓப்பனிங். எல்லாரும் வந்திருக்கும் நாளில் "நீ எங்க வேணாலும் ஆடுவ, கடைசியா எறங்கிக்க" என்பார்கள். அவர் இறங்கும்போது ஆறு பந்து மிச்சம் இருக்கும். அவர் அடித்த ரன்களை எழுதி வைத்த நோட்டைப் பார்த்தால் சுமாரான ஆட்டக்காரர் என்றுதான் நினைப்பீர்கள். எங்கள் ஏரிக்கரையில் அவரைவிட நல்ல பேட்ஸ்மேன் இருந்ததில்லை. நான் பந்து போட்டவன், சத்தியமாகச் சொல்கிறேன்.

சரி, வாஷிங்டனுக்கு வருகிறேன்.

1999 அக்டோபர் 5-ம் தேதி சென்னையில் பிறந்தவர். அந்தப் பெயரைக் கேட்டதும் எல்லாரும் அமெரிக்காவை நினைப்பார்கள். அது திருவல்லிக்கேணிப் பெயர். அவருடைய அப்பா சுந்தர் சென்னை லீக்கில் ஆடியவர், வசதியில்லாத வீட்டுப் பிள்ளை. பக்கத்தில் பி.டி. வாஷிங்டன் என்று ஒரு முன்னாள் ராணுவக்காரர் இருந்தார். பையன் ஆடுவதைப் பார்த்துப் பிடித்துப்போய், பள்ளிக் கட்டணம் கட்டினார், சீருடை வாங்கிக் கொடுத்தார், சைக்கிளில் வைத்து மைதானத்துக்குக் கூட்டிப் போனார். 1999-ல் அவர் இறந்துபோனார். கொஞ்ச நாளில் சுந்தருக்கு மகன் பிறந்தான். குழந்தையின் காதில் சாமி பெயர் சொன்னாலும், ஊர் கூப்பிட வைத்த பெயர் வாஷிங்டன். ஒரு நன்றிக் கடன் இந்தியாவின் டெஸ்ட் ஸ்கோர் போர்டில் பெயராக நிற்கிறது. இந்தக் கதையை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. அவருக்கு ஒரு காது கேட்காது. பவுண்டரியில் உயரப் பந்துக்கு இரண்டு பேர் ஓடும்போது குரல் கொடுத்துத்தான் ஒருவருக்கொருவர் வழி விடுவார்கள். அவர் ஒரு காதை வைத்துக்கொண்டு இந்தியாவுக்காக ஃபீல்டிங் செய்கிறார்.

சின்ன வயதிலிருந்தே அவர் பேட்ஸ்மேன். முதலில் பேட்ஸ்மேன், அப்புறம்தான் ஆஃப் ஸ்பின்னர். இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். 2016-ல் பங்களாதேஷில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்குப் போனபோது வயது 16. ரஞ்சியில் தமிழ்நாட்டுக்குத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிச் சதம் அடித்தவர். 2017 டிஎன்பிஎல்லில் தூத்துக்குடி அணிக்கு ஓப்பனிங் ஆடி, அந்தத் தொடரிலேயே அதிக ரன் எடுத்தவர். இப்படிப்பட்டவரை ஐபிஎல்லுக்கு எதற்காக எடுத்தார்கள் தெரியுமா? பந்து வீச. 2017-ல் அஸ்வினுக்குக் காயம், புனே அணிக்கு ஓர் ஆஃப் ஸ்பின்னர் தேவை, பதினேழு வயது வாஷிங்டன் போனார். பவர் ப்ளேயில் ஃபீல்டர்கள் உள்ளே நிற்கும்போது, பெரிய பெரிய அடிகாரர்களுக்குத் தட்டையாக, குச்சியை நோக்கி, பயமில்லாமல் போட்டார். அந்த வருஷ டிசம்பரிலேயே இந்திய அணிக்குள் வந்தார். இந்தியாவுக்காக டி20 ஆடியவர்களில் அப்போது அவர்தான் இளையவர், 18 வயது 80 நாள். 2018 மார்ச்சில் இலங்கையில் நிதாகாஸ் கோப்பையில் 8 விக்கெட் எடுத்துத் தொடர் நாயகன். கடைசிப் பந்தில் தினேஷ் கார்த்திக் சிக்ஸர் அடித்தாரே, அதே தொடர்தான். எல்லாருக்கும் அந்த சிக்ஸர் ஞாபகம் இருக்கும், தொடர் நாயகன் யார் என்று கேட்டால் யோசிப்பார்கள்.

ஆக, ஒரு தொடக்க ஆட்டக்காரர் இந்தியாவுக்குப் பந்து வீச்சாளராக அறிமுகமானார். அன்றைக்கு விழுந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

பிரிஸ்பேனுக்குத் திரும்பலாம். டி20 தொடருக்குப் போனவரை, நெட்டில் பந்து போட ஆள் வேண்டும் என்று அங்கேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள். நடராஜனும் அப்படி நின்றவர்தான். ஜடேஜாவுக்கு விரல், அஸ்வினுக்கு முதுகு, பும்ராவுக்கு வயிறு, விகாரிக்குத் தொடை என்று வரிசையாகக் காயம். கடைசியில் நெட் பவுலர்கள் டெஸ்ட் ஆடும் நிலை. அவர் டெஸ்ட் ஆட வந்தவர் இல்லை என்பதால் வெள்ளைப் பேடுகூடக் கையில் இல்லை. அவர் உயரத்துக்குப் பொருந்துகிற பேடு யாரிடமும் கிடைக்காமல், ஆட்டம் ஆரம்பித்த பிறகு கடையில் வாங்கி வந்தோம் என்று அப்போதைய ஃபீல்டிங் பயிற்சியாளர் ஆர். ஸ்ரீதர் பின்னால் சொன்னார். அந்தப் பேடை ஒரு நிமிஷம் கண் முன்னால் நிறுத்திப் பாருங்கள். புது பேடின் பட்டை விறைப்பாக இருக்கும், ஓடும்போது முழங்காலில் இடிக்கும். அதைக் கட்டிக்கொண்டுதான் ஸ்டார்க், ஹேசில்வுட், கம்மின்ஸ், லயன் நாலு பேருக்கும் முன்னால் போய் நின்றார்.

இந்தியா 186-க்கு 6. அவரும் ஷர்துல் தாகூரும் சேர்ந்து 123 ரன் எடுத்தார்கள். ஷர்துல் 67, வாஷிங்டன் 62. லயனை அவர் ஒரு முட்டி போட்டு, பந்து போன திசையைப் பார்க்காமலே லாங் ஆன் மேல் சிக்ஸர் அடித்ததை டிவியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். பந்து வீச்சிலும் முதல் விக்கெட் ஸ்டீவ் ஸ்மித். கடைசி நாள் 328 துரத்தும்போது ரிஷப் பந்தோடு நின்று 22 ரன், அதில் கம்மின்ஸை ஹூக் செய்து ஒரு சிக்ஸர். பந்த் 89 நாட் அவுட் அடித்து ஜெயித்துக் கொடுத்தார். ஊரே ரிஷப் பந்தைக் கொண்டாடியது, நியாயம்தான். அண்ணன் மட்டும் "அந்த 62 இல்லாட்டி இன்னைக்குத் தொரத்தவே முடிஞ்சிருக்காது" என்றார். கடைசி ஆளாகப் போய் நின்றவனுக்குத்தான் அந்தக் கணக்கு தெரியும்.

அடுத்த மாதம் சென்னை. சேப்பாக்கம், சொந்த ஊர். இங்கிலாந்துக்கு எதிராக 85 நாட் அவுட். எதிர்ப்பக்கம் நிற்க ஆள் இல்லாமல் இன்னிங்ஸ் முடிந்தது. அடுத்த டெஸ்டுக்கு அணியில் அவர் பெயர் இல்லை. பந்து வீச்சுக்கு வேறு ஆள் தேவைப்பட்டது. 85 நாட் அவுட் அடித்த ஒரு சுத்த பேட்ஸ்மேனை அப்படி வெளியே உட்கார வைப்பார்களா? ஆல்ரவுண்டரை வைப்பார்கள். அவன் அடித்த ரன்னை போனஸ் கணக்கில் எழுதுகிற பழக்கம் இது.

மறுபடி சேர்த்தார்கள். 2021 மார்ச், அகமதாபாத். எட்டாவது இடம். ரிஷப் பந்தோடு சேர்ந்து 113 ரன், பிறகு அக்ஷர் படேலோடு 106 ரன். ஸ்கோர் 365-க்கு 7. வாஷிங்டன் 96. முதல் டெஸ்ட் சதத்துக்கு நாலே ரன். அவர் எதிர்முனையில் நிற்கிறார். அக்ஷர் ரன் அவுட். இஷாந்த் சர்மா எல்பிடபிள்யூ. சிராஜ் போல்டு. ஐந்து பந்துக்குள் மூணு பேரும் போய்விட்டார்கள். ஸ்கோர் அதே 365, வாஷிங்டன் அதே 96. மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். மற்றவர்கள் தலையில் கை வைத்தார்கள். அவர் முகம் மாறவில்லை. அவருடைய அப்பா மட்டும் பேட்டியில் மனசு விட்டுப் பேசினார், கடைசி ஆட்கள் கொஞ்ச நேரம் நின்றிருக்கக் கூடாதா என்று. பெற்றவர் வேறு என்ன சொல்வார்?

அதற்கப்புறம் மூன்றரை வருஷம் டெஸ்ட் இல்லை. இங்கிலாந்துப் பயணத்தில் விரலில் காயம். அடுத்த வருஷ ஆரம்பத்தில் கொரோனா. பிறகு தொடை. உடம்பு சரியானபோது அணியில் அஸ்வினும் ஜடேஜாவும் அக்ஷரும் இருந்தார்கள். 2023 ஆசியக் கோப்பை இறுதிப் போட்டிக்கு அக்ஷருக்குக் காயம் என்று அவசரமாக விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். யாருக்காவது அடிபட்டால் முதலில் அழைப்பு போவது இவருக்குத்தான். எங்கள் ஊரில் அண்ணனைக் கூப்பிட ஆள் அனுப்புவார்களே, அதே கதை.

2024 அக்டோபர். ரஞ்சியில் டெல்லிக்கு எதிராக மூணாவது இடத்தில், நாங்கள் ஒன் டவுன் என்போம், இறங்கி 152 அடித்தார். உடனே இந்திய அணியில் சேர்த்தார்கள். புனேயில் நியூசிலாந்துக்கு எதிராக டெஸ்ட். 152 அடித்தவரைக் கூப்பிட்டு முதலில் பந்தைக் கையில் கொடுத்தார்கள். அவரும் சளைக்கவில்லை: 59 ரன்னுக்கு 7 விக்கெட். நியூசிலாந்தின் முதல் மூணு விக்கெட் அஸ்வினுக்கு, மிச்ச ஏழும் வாஷிங்டனுக்கு. பத்து விக்கெட்டும் தமிழ்நாட்டு ஆஃப் ஸ்பின்னர்கள் இரண்டு பேருக்கு. இந்த இடத்தில் ஒரு பழைய கதை ஞாபகம் வருகிறது. 1934-ல் முதல் ரஞ்சி ஆட்டம் நடந்ததே நம் சேப்பாக்கத்தில்தான். மதராஸுக்காக ஏ.ஜி. ராம்சிங் அதில் 11 விக்கெட் எடுத்தார், ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. பேட்டிங்கிலும் கெட்டிக்காரரான அந்த ராம்சிங் கடைசிவரை இந்தியாவுக்கு ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. அவர் மகன்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் ஆடினார்கள். தமிழ்நாட்டு ஆல்ரவுண்டரின் வரலாறு அந்த முதல் நாளிலிருந்தே இப்படித்தான் என்று எனக்குத் தோன்றும்.

புனேயில் மொத்தம் 115-க்கு 11 விக்கெட். இந்தியா அந்த டெஸ்டில் தோற்றது. ஆனால் அந்த ஏழு விக்கெட்டைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அஸ்வின் ஓர் ஓவரில் ஆறு விதமாக யோசிப்பவர். வாஷிங்டன் ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருப்பார். உயரத்திலிருந்து கை நேராக வரும். ஒன்று திரும்பும், அடுத்தது அதே மாதிரி வந்து திரும்பாது. பேட்ஸ்மேன் திரும்பும் என்று ஆடுவான், ஸ்டம்பு சாயும். 2025 ஜூலையில் லார்ட்ஸில் இங்கிலாந்துக்கு எதிராக 22-க்கு 4 எடுத்தபோது ரூட், ஸ்மித், ஸ்டோக்ஸ், பஷீர் நாலு பேருமே போல்டு.

அதே மாதம் 27-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மான்செஸ்டர். எங்களுக்கு ஆடி மாசம். கோட்டை மாரியம்மன் பண்டிகை, ஊர் ஊராக அம்மன் கோயில், நாங்கள் பயிரிடும் அரளிக்கு நல்ல தேவை. அரளி மொட்டை விடியும் முன்னால் பறித்தாக வேண்டும், வெயில் பட்டால் விரிந்துவிடும். சீக்கிரம் படுத்தால்தான் நடுராத்திரி எழுந்து தலையில் லைட்டு மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போக முடியும். அண்ணன் அன்று படுக்கவில்லை. திண்ணையில் செல்போனை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பார்த்தோம். முதல் இன்னிங்ஸில் இங்கிலாந்து 669. இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியா முதல் ஓவரிலேயே 0-க்கு 2. கில்லும் ராகுலும் தாங்கினார்கள். ரிஷப் பந்துக்குக் காலில் எலும்பு முறிவு. அதனால்தான் வாஷிங்டனுக்கு ஐந்தாவது இடம் கிடைத்தது. மறுபடியும் ஒருவர் காயம், மறுபடியும் ஒரு காலி இடம். ஆனால் இந்தத் தடவை அது பேட்ஸ்மேனின் இடம்.

206 பந்து ஆடினார். ஜடேஜாவோடு பிரியாமல் 203 ரன். கடைசியில் ஸ்டோக்ஸ் வந்து, டிரா என்று ஒத்துக்கொண்டு கை கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்றார். அப்போது ஜடேஜா 89, வாஷிங்டன் 80. இவர்கள் மறுத்துவிட்டார்கள். இங்கிலாந்துக்காரர்களுக்குக் கோபம், ஏதேதோ பேசினார்கள். அகமதாபாத் 96-ஐப் பார்த்தவன் எவனும் அந்த மறுப்பில் தப்புச் சொல்ல மாட்டான். நாள் முழுக்க நின்று ஆட்டத்தைக் காப்பாற்றினவன் தன் சதத்தை எதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும்? கொஞ்ச நேரத்தில் ஜடேஜாவுக்குச் சதம், அதன் பின்னால் வாஷிங்டனுக்கும் சதம். 101 நாட் அவுட். நாலு ரன்னுக்கு நாலு வருஷம் நாலு மாதம் ஆனது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூடையை எடுத்துக்கொண்டு அரளிக் காட்டுக்குப் போனார்.

அடுத்தது ஓவல். கடைசி விக்கெட்டுக்கு பிரசித் கிருஷ்ணாவை வைத்துக்கொண்டு 39 ரன் சேர்த்தார். பிரசித் ஒரு ரன்னும் எடுக்கவில்லை, நிற்க மட்டும் செய்தார். வாஷிங்டன் 46 பந்தில் 53, நாலு சிக்ஸர். அந்த டெஸ்டில் இந்தியா எத்தனை ரன்னில் ஜெயித்தது? ஆறு.

இத்தனைக்கும் பிறகு 2025 நவம்பரில் என்ன நடந்தது பாருங்கள். கொல்கத்தாவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக அவரை மூணாவது ஆளாக இறக்கினார்கள். பந்து பாம்பு மாதிரி நெளிந்த ஆடுகளம். 29, 31. இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியாவில் அதிக ரன் அந்த 31-தான், மொத்த அணியும் நூறைத் தாண்டவில்லை. அப்பாடா, ஒன் டவுனுக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து கௌகாத்தி. எட்டாவது இடம். அங்கேயும் 92 பந்து நின்று 48. மூணாவது ஆள் புதுப் பந்தைப் பார்த்து, விட்டு விட்டு ஆட வேண்டும். எட்டாவது ஆள் பழைய பந்தில், கூட நிற்கிறவன் எப்போது போவானோ என்று கணக்குப் போட்டு அடிக்க வேண்டும். இரண்டுக்கும் பயிற்சி வேறு, மனசு வேறு. சோபர்ஸ், ஸ்டோக்ஸ் மாதிரி ஆல்ரவுண்டர்களுக்கெல்லாம் பேட்டிங்கில் இதுதான் இவர் இடம் என்று ஒன்று அமைந்தது. ஜடேஜா பெரிய பேட்ஸ்மேன் ஆனதும் மேலே ஏற்றி, அங்கேயே தொடர்ந்து ஆட விட்ட பிறகுதான்.

எங்கே போட்டாலும் ஆடுகிறார் என்பதாலேயே எங்கேயும் நிலையாக வைக்காமல் விடுவது அவருக்குச் செய்கிற அநியாயம் என்று நான் நினைக்கிறேன். அண்ணனுக்கு அதுதான் நடந்தது. அது ஏரிக்கரை ஆட்டம், யாருக்கும் நஷ்டமில்லை என்று அன்றைக்கு நாங்கள் நினைத்தோம். நஷ்டம்தான். அவர் ஒன் டவுன் இறங்கி முழு இன்னிங்ஸ் ஆடி நாங்கள் பார்க்கவே இல்லை.

வாஷிங்டனுக்கு வயது இருபத்தாறுதான் ஆகிறது. அஸ்வின் 537 டெஸ்ட் விக்கெட்டும் ஆறு சதமும் வைத்துவிட்டு ஓய்வு பெற்றார். அந்தக் காலி இடத்தில் இவரை வைத்து இன்னோர் அஸ்வின் தேடாதீர்கள். இவர் பந்து வீசத் தெரிந்த பேட்ஸ்மேன். தேர்வாளர்களுக்கும் கேப்டனுக்கும் இந்தப் பதிவு போய்ச் சேரப் போவதில்லை, தெரியும். ஆனாலும் கேட்கிறேன்: மூணோ, ஐந்தோ, ஒரு எண்ணைச் சொல்லுங்கள். சொன்ன பிறகு இருபது இன்னிங்ஸுக்கு அதை மாற்றாதீர்கள்.